என் மச்சான் ரெக்லெஸ் அல்ல

அன்பு மச்சான் வேலு,

எழுந்து உட்கார். நீ இருக்கும் இடத்தில் எழுந்து உட்காரும் வசதி உண்டா தெரியவில்லை. இல்லாவிட்டால் படுத்தபடியே கேள். மூவுலகும் அறிய, என் பேனாவின் மேல் ஆணையாக, யாருமே நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன். நீயும் நம்ப மாட்டாய். உயிரோடு இருந்தபோதே நான் சொன்னதில் பாதியைத்தான் நம்பினாய். மீதியை உன் அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாய்.

உன் முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. பத்திரிகையில் படம் போட்டு, கீழே நாலு வரி போதும் என்கிறாள் உன் அக்கா. நாலு வரியா? மலாக்கா நீரிணையையே குளிரவைத்த மனிதனுக்கு நாலு வரியா? முடியாது என்றேன். பக்கம் முழுக்க எழுதுவேன், போட மறுத்தால் பத்திரிகை ஆஃபீஸ் வாசலில் நின்று நானே உரக்கப் படிப்பேன் என்றேன். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

நடந்தது உனக்குத் தெரியும். இதைப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துப் படிப்பவர்களுக்குத் தெரியாதே. அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். என் மனைவியின் தம்பி வேலாயுதம், முப்பது வருஷம் ஐஸ் லோரி ஓட்டியவன். தெங்கேராவில் இருக்கும் ஐஸ் கம்பெனியிலிருந்து தஞ்சோங் கிளிங் மீனவர்களுக்குத் தினமும் ஐஸ் கட்டி கொண்டுபோவான். ஒரு நாள் நண்பகலில், கடலுக்கு இறங்கும் சரிவின் உச்சியில் லோரியின் பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினான். பின்கதவைத் திறந்து வைத்தான். எதிர்க் கடையில் நாசி லெமாக் சோறு வாங்கப் போனான். எல்லாம் சரி. ஹேண்ட் பிரேக் மட்டும் போடவில்லை.

லோரி தானே கிளம்பிவிட்டது. டிரைவர் இல்லாமல் அது போன முதல் பயணம். யாருக்கும் அடியில்லை. ஒரு பழைய சம்பான் படகு மட்டும் உடைந்தது. அதன் சொந்தக்காரரே அதை விறகுக்கு வைத்திருந்தாராம். ஆனால் ஐஸ் முழுவதும் கடலில் சரிந்தது. நீரிணை நடுங்கியது. அக்கரையில் சுமத்ரா மீன்கள் தும்மின. நண்டுகள் போர்வை கேட்டன. கடற்கரை ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டோமோ என்று குழம்பி, கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தார்கள்.

அடுத்த நாள் கம்பெனி உன்னிடம் விளக்கக் கடிதம் கேட்டது. ஆங்கிலத்தில் வேண்டுமாம். நீ அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். வேறு எங்கே போவாய்? இருபத்தெட்டு வருஷம் தோட்டத்து ஆஃபீஸில் கிராணியாக உட்கார்ந்து துரைமாருக்குக் கடிதம் தட்டியவன் நான். எங்கள் புக்கிட் காத்திலில் தண்ணீர் பில் தகராறிலிருந்து பக்கத்து வீட்டுச் சேவல் கூவும் தகராறு வரை என் பேனா படாத வழக்கு கிடையாது. என் ஆங்கிலத்தைக் கேட்டால் பிரிட்டிஷ்காரனே தொப்பியைக் கழற்றுவான் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“மச்சான், ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டேன். அவ்வளவுதான். அதை இங்கிலீஷ்ல எழுதிக் குடு,” என்றாய்.

“அவ்வளவுதானா? ஒரு வரியில எழுதினா உன்னை எவன்டா மதிப்பான்?”

“மதிக்க வேணாம் மச்சான். மன்னிச்சா போதும்.”

“சும்மா இரு. முப்பது வருஷ சர்வீஸ் உனக்கு. கடிதமும் அந்த உசரத்துக்கு இருக்கணும்.”

இரண்டு பக்கம் எழுதினேன். அதில் புயல் வந்தது, விதி வந்தது, ஒரு தந்தையின் கண்ணீர் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தில் எனக்கு இரண்டு சொற்கள் முன்னால் வந்து நின்றன. ஒன்று கேர்லெஸ். இன்னொன்று ரெக்லெஸ். கேர்லெஸ் எனக்குப் பொடியாகத் தெரிந்தது. பள்ளிக்கூட நோட்டில் வாத்தியார் சிவப்பு மையில் கிறுக்கும் சொல். ரெக்லெஸ் குதிரை மேல் வரும் சொல். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, பெரியதாகவே போடுவோம் என்று நினைத்ததாகத்தான் இதுநாள் வரை எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். நீ கீழே கையெழுத்துப் போட்டாய்.

பதினைந்து நாளில் கம்பெனி உன்னை வெளியே அனுப்பியது. அந்த உத்தரவையும் என்னிடம்தான் கொண்டுவந்தாய். கையில் ஒரு கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம், எனக்காக. “உன் லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சாம் மச்சான். இப்படி ஒருத்தரும் எழுதினதே இல்லைன்னு சூப்பர்வைசரே சொன்னாரு,” என்றாய். நான் அந்தக் கடலையைத் தின்றேன், மச்சான். முழுவதும் தின்றேன். ஏழெட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். ஒரு பிற்பகல் நாற்காலியில் கண்ணை மூடியவன் பிறகு திறக்கவில்லை. ஏன் உன்னைத் துரத்தினார்கள் என்று நீ ஒரு முறையாவது யாரையாவது கேட்டாயா?

இப்போது புதுச் செய்தி. உன் மகள் கஸ்தூரி லோரி ஓட்டுகிறாள். அதுவும் உன்னைத் துரத்திய அதே ஐஸ் கம்பெனியில். மூச்சு நின்றுவிட்டதா? உனக்குத்தான் அந்தக் கவலை இல்லையே.

எங்களுக்குத் தெரியாமல் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். மலாக்காவில் வேறு கம்பெனியே இல்லையா என்று உன் அக்கா குதித்தாள். “அப்பா ஓட்டின ரூட்டு எனக்கு மனப்பாடம் அத்தை. வேற எங்க போகச் சொல்றீங்க?” என்றாள் உன் மகள். பிடிவாதம் உன் வீட்டுச் சரக்கு. நான் அதில் தலையிடுவதில்லை.

முதல் நாள் காலையில் புது டிரைவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாதுகாப்புப் பாடம் நடத்துவார்களாம். சுவரில் படம் படமாகக் காட்டுவார்களாம். மூன்றாவது படம் உன் லோரி. பின்பக்கம் கடலுக்குள், முகம் வானத்தைப் பார்த்தபடி. கீழே சிவப்பு எழுத்தில், ரெக்லெஸ் டிரைவர். பெயர் போடவில்லை. ஆனால் முன்கண்ணாடியில் நீ கோணலாக ஒட்டிய முருகன் படம் தெரிகிறதே! பெற்ற மகளுக்கு அடையாளம் தெரியாதா?

சாயங்காலம் கம்பெனிச் சட்டையோடு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“மாமா, அப்பாவோட லெட்டரை எழுதினது யாரு?”

“எந்த லெட்டர்?”

“நடிக்காதீங்க மாமா. பாடம் எடுத்தவருகிட்ட சண்டை போட்டுட்டு வர்றேன். எங்கப்பா அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னேன். ‘அவரே எழுதி சைன் போட்டிருக்காரும்மா’ன்றாரு. எங்கப்பாவுக்கு இங்கிலீஷ்ல பேரு எழுதத்தான் தெரியும்.”

“நான்தான் எழுதினேன். ரெண்டு பக்கம். ஏன், எதாவது குறையா?”

“ரெக்லெஸ்னு போட்டீங்களா?”

“போட்டேன். கம்பீரமான வார்த்தை.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். “கேர்லெஸ்னா கவனிக்காம விட்டுட்டேன்னு அர்த்தம் மாமா. ரெக்லெஸ்னா வேற. ஆபத்துன்னு தெரியும், தெரிஞ்சேதான் செஞ்சேன், எவனுக்கு என்ன ஆனா எனக்கென்ன. அதுதான் அதுக்கு அர்த்தம். சரிவுக்குக் கீழ ஆளுங்க நின்னிருந்தா? செத்தா சாகட்டும்னு நினைக்கிற மனுஷனா எங்கப்பா?”

நான் வாயைத் திறக்குமுன் உன் அக்கா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். “இருபத்தெட்டு வருஷம் கிராணி உத்தியோகம்! ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியல. என் தம்பி தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு, அவன் வாங்கிட்டு வந்த கடலையையும் தின்னீங்களே!”

அன்று இரவுச் சாப்பாடு எனக்குக் கிடைத்ததா என்று கேட்காதே.

விஷயம் பரவியதும் ஊரே புத்தி சொல்லக் கிளம்பிவிட்டது. போனவருக்கு எந்தச் சொல் இருந்தால் என்ன, விட்டுவிடுங்கள் என்றார்கள். ஏன் விட வேண்டும்? உன்னைக் கிடத்தியிருந்தபோது வேட்டி மடிப்பு நேராக இருக்கிறதா என்று இவர்களேதான் நாலு பேர் நின்று பார்த்தார்கள். வேட்டி கோணலாக இருக்கக்கூடாது, சொல் மட்டும் கோணலாக இருக்கலாமா? போனவனுக்கு இனி வேட்டி எதற்கு? சொல்தானே மிச்சம்! முடியாது என்றேன். மாட்டேன் என்றேன். இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கஸ்தூரியோடு தெங்கேராவுக்குப் போனேன்.

ஆஃபீஸில் இருந்தது ஹனிபா என்ற இளைஞர். நம் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. டிரைவர்கள் சம்பந்தப்பட்ட ஃபைல் எல்லாம் அவர் கையில்தான்.

“உட்காருங்க அங்கிள். கோப்பி சொல்லவா?”

“கோப்பி வேணாம். வார்த்தையை மாத்துங்க.”

“அது மூடின ஃபைல் லா அங்கிள். ரெண்டு வார்த்தைக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?”

மச்சான், நான் எழுந்து நின்றேன். மலாக்கா சுல்தான்கள் காலத்திலிருந்து இப்படி ஒரு வாதத்தை இந்த மண் கேட்டதில்லை. உன் கவனக்குறைவுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தேன். உன் கல்யாணத்தில் தாலியை உன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஆயிரம் பேரோடு சேர்ந்து நீயும் மண்டபம் முழுக்கத் தேடியதைச் சொன்னேன். உன் அக்காவைத் தம்பின் ஊர் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு அவள் பையை மட்டும் பத்திரமாக வீட்டில் இறக்கியதைச் சொன்னேன். உன் பல் செட் ஐஸ் கட்டிக்குள் உறைந்துபோய், ஒரு மீன்காரர் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் அவரைப் பார்த்துச் சிரித்ததையும் சொன்னேன்.

“அங்கிள், நீங்க அவருக்கு ஆதரவா பேசறீங்களா, எதிரா பேசறீங்களா?”

“கேளுங்க தம்பி! இவ்வளவும் கேர்லெஸ். ஒத்துக்கிறேன். மலேசியாவுலேயே பெரிய கேர்லெஸ் என் மச்சான். ஆனா ரெக்லெஸ்? பச்சை விளக்குல நின்னு, நெசமாவே பச்சைதானான்னு பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன்கிட்ட கேட்டுட்டுக் கிளம்பறவன் அவன். முப்பது வருஷத்துல அவன் முந்தின ஒரே வண்டி, ஓரமா நிறுத்தி வச்சிருந்த சைக்கிள். அதுக்கும் ஹார்ன் அடிச்சான். கேர்லெஸ்காரன் ஆபத்தைப் பார்க்கவே இல்ல. ரெக்லெஸ்காரன் பார்த்தான், பார்த்துட்டு ‘போடா’ன்னான். என் மச்சான் வாழ்க்கையில யாரையாவது, எதையாவது பார்த்து ‘போடா’ன்னு சொல்லியிருக்கானா?”

“மாமா, மெதுவா,” என்றாள் கஸ்தூரி. வெளியே டிரைவர்கள் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஹனிபா சிரித்துக்கொண்டேதான் ஃபைலைத் திறந்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. தலையைத் தூக்காமலே சொன்னார்: “கேர்லெஸ்னா முதல் தடவைக்கு எச்சரிக்கை. மூணு மாசம் லோரியைத் தொடாம கிடங்குல வேலை. அப்புறம் பழையபடி ஓட்டலாம். ரெக்லெஸ்னா உடனே வெளிய. எங்க ரூல் புக் அப்படி. அவரே ஒத்துக்கிட்டு எழுதினதால விசாரணைகூட வைக்கல அங்கிள்.”

எனக்குப் பேச்சு நின்றுபோனது. நம்புவாயா? எனக்கு! மூன்று மாதம் கிடங்கில் ஐஸ் கட்டி எண்ணிக்கொண்டு இருந்திருப்பாய். இருமிக்கொண்டே என்னைத் திட்டியிருப்பாய். நாலாம் மாதம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பாய். கஸ்தூரி என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் வலித்தது.

“அது அவன் எழுதினது இல்ல தம்பி,” என்றேன். “அவன் சொன்னது, ‘மறந்துட்டேன்’ங்கிற ஒரு வார்த்தை. மத்ததெல்லாம் நான் சேர்த்தது.”

“அப்ப அதை சத்தியப் பிரமாணமா எழுதிக் குடுங்க. ஃபைல்ல சேர்த்து, தீர்ப்பை மாத்தச் சொல்லி மேல அனுப்பறேன். படத்துல இருக்கிற வார்த்தையையும் எடுத்துடலாம். ஆனா ஒண்ணு. உங்க பேரு வரும். புக்கிட் காத்தில்ல பாதிப் பேரு உங்ககிட்டதான் இங்கிலீஷ் லெட்டர் எழுதறாங்க. எங்க மாமியாரே உங்ககிட்டதான் வர்றாங்க. யோசிச்சுச் செய்யுங்க.”

“யோசிக்கிறதா? யோசிச்சிருந்தா நான் ஏன் இங்க வர்றேன்? டைப் பண்ணுங்க.”

“அந்தப் படத்தையே தூக்கிடட்டுமா?” என்று ஹனிபா கஸ்தூரியைக் கேட்டார்.

“வேணாம் சார். படம் இருக்கட்டும். அப்பா ஹேண்ட் பிரேக் போடாதது உண்மைதானே? புதுசா வர்றவங்க பார்க்கணும். வார்த்தையை மட்டும் மாத்துங்க.”

உன் மகளைப் பார், வேலு. உனக்காகச் சண்டை போடவும் தெரிகிறது, உன் தப்பை ஒளிக்காமல் இருக்கவும் தெரிகிறது. நாம் இருவரும் சேர்ந்தால்கூட அந்த அளவு வருமா?

ஹனிபா தட்டிய தாள் சுருக்கமாக இருந்தது. புயல் இல்லை, விதி இல்லை. வேலாயுதத்துக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது என்றும், கடிதத்தை எழுதிய நாகப்பன் ஆகிய நான் கேர்லெஸ்ஸாக ஒரு தவறான சொல்லைப் போட்டுவிட்டேன் என்றும் இருந்தது. நல்ல பிள்ளை. எனக்கு நோகாமல் எழுதியிருந்தார்.

பேனாவை எடுத்தேன். கேர்லெஸ் என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தேன். மேலே ரெக்லெஸ் என்று எழுதினேன். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டேன்.

“அங்கிள்! இது உங்களுக்குத்தான் பாதகம்.”

“இருக்கட்டும்.”

“ஏன் மாமா?” என்றாள் கஸ்தூரி. அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். “உங்களுக்கும் தெரியாமத்தானே நடந்துச்சு? அப்ப நீங்களும் கேர்லெஸ்தானே?”

“அது உங்கப்பன் வார்த்தை. அவனுக்கே இப்பத்தான் கிடைச்சிருக்கு. அதுல நான் பங்கு கேக்க மாட்டேன்,” என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சத்தியம் செய்யும் அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்திட்டோம். மூன்று வாரத்தில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. உனக்கு இப்போது வழங்கப்பட்டிருப்பது ஓர் எச்சரிக்கை, மச்சான். செத்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எச்சரிக்கை வாங்கிய முதல் டிரைவர் நீதான். உன் அக்கா அதைக் கண்ணாடி போட்டு உன் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் ஏதோ பட்டயம் என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் தொழில்தான் கொஞ்சம் படுத்துவிட்டது. சேவல்காரர் போன வாரம் வந்து, “அண்ணே, கோவிச்சுக்காதீங்க, எழுதினதை என் பேத்தி ஒரு தடவை பார்த்துட்டா அனுப்பிடலாம்,” என்றார். பார்க்கட்டும் என்றேன். அந்தப் பேத்தி, பதினொரு வயசு, இரண்டு இடத்தில் வட்டம் போட்டாள். இரண்டும் சரியான வட்டங்கள். பிரிட்டிஷ்காரன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டிருப்பான்.

கஸ்தூரி தினமும் தஞ்சோங் கிளிங் போகிறாள். அதே சரிவு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்சக்கரத்துக்கு இரண்டு மரக்கட்டை கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாளாம். மீனவர்கள் அவளிடம், உங்கப்பா வந்தால் ஐஸ் கூடுதலாக இருக்கும் என்கிறார்களாம். எண்ணிக் கொடுப்பதிலும் நீ கேர்லெஸ் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். கம்பெனிக்குச் சொல்லவில்லை.

இனி என் வாக்கு. மாதம் ஒருமுறை புது டிரைவர்கள் வருவார்கள், மூன்றாவது படம் சுவரில் விழும். அன்றெல்லாம் நான் போய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். ஹனிபா அனுமதித்தாலும் நிற்பேன், அனுமதிக்காவிட்டாலும் நிற்பேன். லோரியை விட்டது கேர்லெஸ், இதோ கடிதம் எழுதிய ரெக்லெஸ், ஆளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். காலில் தெம்பு உள்ளவரை சொல்வேன். அதற்குப் பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று கஸ்தூரியிடம் சொல்லிவைப்பேன்.

இந்தக் கடிதத்தில் நான் ஊதிப் பெருக்கியதை எல்லாம் நீயே ஊசி குத்திக் காற்றை இறக்கிக்கொள். ஆனால் ஒரு சிறு பகுதி உண்மை. அதை ஹனிபாவிடம் சொல்லவில்லை, உன் அக்காவிடம் சொல்லவில்லை. கஸ்தூரி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறாள். அன்று அந்தச் சொல்லுக்கு வந்ததும் என் பேனா நின்றது. இது அளவுக்கு மீறிய சொல்லோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அகராதி மேசை மேலேயே இருந்தது. கையை நீட்டினால் எட்டும். நீ எதிரில் உட்கார்ந்து, நான் எழுதுவதை அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கண் முன்னால் அகராதியைப் புரட்ட எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. எழுதிவிட்டேன்.

உன் அக்காளைக் கட்டியவன்,
உன் மச்சான் நாகப்பன்,
புக்கிட் காத்தில்.